மனச்சான்றே மன்றம்

நுழையும்முன்

அநீதி நிகழும் இடத்தில் அதைச் செய்பவரும் அதற்கு ஆளாகுபவரும் மட்டும் இருப்பதில்லை. ஆணையை நிறைவேற்றுபவர், பார்த்துக்கொண்டு நிற்பவர், உறவால் கட்டுண்டவர், துணிந்து தட்டிக் கேட்பவர் எனப் பலரும் அங்கு இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் அந்நேரத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. அவ்வழக்கில் வாதியும் நீதிபதியும் மனச்சான்றே. தமிழ் இலக்கியம் காட்டும் சில மாந்தர்கள் அவ்வழக்கை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நெஞ்சமே சான்று

ஒருவர் செய்யும் செயலைப் பிறர் காணாமல் போகலாம்; அவரது நெஞ்சம் காணாமல் இருப்பதில்லை. அதனால்தான் நம் முன்னோர் அதனை ‘மனச்சான்று’ என்றனர். சான்று என்பது கண்டதைக் கண்டவாறு உரைப்பது. பொய் சொன்னவருக்கு முதல் தண்டனை தருவது அவருடைய நெஞ்சமே என்பது ‘வாய்மை’ அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தும் கருத்து. அறநூல்கள் இதனை விதியாகக் கூறும். இலக்கியமோ அவ்விதி ஒரு மனிதரின் வாழ்வில் நுழையும்போது நிகழும் போராட்டத்தைக் காட்டும். அறம் எது என்று தெரிந்துகொள்வது எளிது. அச்சமும் பாசமும் கடமையும் எதிரே நிற்கும்போது அதன்வழி நடப்பதே அரிது.

புலவரின் துணிவு

புறநானூற்றின் 46ஆம் பாடல் ஒரு கொலைக்களத்தில் பிறந்தது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் இளஞ்சிறுவர்களை யானையின் காலில் இடுமாறு ஆணையிட்டான். அவை கூடியிருந்தது. யானையும் வந்து நின்றது. அப்போது கோவூர்கிழார் என்னும் புலவர் எழுந்து பேசினார்.

அவர் மன்னனைப் பழித்துரைக்கவில்லை. முதலில், ஒரு புறாவின் துயரைத் தீர்த்த மரபில் வந்தவன் நீ என்று அவனுடைய முன்னோரை நினைவூட்டினார். அடுத்து, புலவர்களின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் வழியில் வந்தவர்கள் இச்சிறுவர்கள் என்றார். பின்னர் அச்சிறுவர்களின் மேல் மன்னனின் பார்வையைத் திருப்பினார். அவர்கள் களிற்றைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டனர். புதிய மன்றத்தை மருட்சியோடு பார்க்கின்றனர். நடக்கப்போவது இன்னதென்று அறியும் வயதுகூட அவர்களுக்கு இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, முடிவை மன்னனிடமே விட்டுவிட்டார் புலவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் கையாண்ட முறை. மன்னனின் பகை கண்ட ‘எதிரியின் பிள்ளைகளை’, ‘அஞ்சி நிற்கும் குழந்தைகளாக’ அவர் மாற்றிக் காட்டினார். உறங்கிக் கிடந்த மன்னனின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினார். சிறுவர்கள் உயிர் பிழைத்ததைப் பாடலின் கீழுள்ள குறிப்பு தெரிவிக்கிறது. இதே புலவர், ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்த இளந்தத்தன் என்னும் புலவரையும் 47ஆம் பாடலால் காத்தார். மலையமான் மக்களுக்காகப் பேசியதால் கோவூர்கிழாருக்கு எந்த ஆதாயமும் இல்லை. மன்னனின் சினத்துக்கு ஆளாகும் இடர் மட்டுமே இருந்தது. ஆயினும் பேசினார். மனச்சான்றின் தூய்மைக்கு இதுவே அடையாளம்.

தணிந்துபோன ஒரு குரல்

அநீதியைத் தடுக்க எழுந்த குரல் வென்றதைப் புறநானூறு காட்டியது. எழுந்த குரல் அடங்கிப்போனதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை காட்டுகிறது.

அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன்மீது பழியைச் சுமத்தினான். பாண்டியனோ ஆராயாமல், கள்வன் கையில் அச்சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு காவலர்க்கு ஆணையிட்டான். காவலர் கோவலனை நேரில் கண்டனர். அவனது தோற்றத்தையும் இயல்பையும் நோக்கிய அவர்கள், இவன் கொலைத்தண்டனைக்கு உரியவன் அல்லன் என்றே கருதினர். அதை வாய்விட்டும் சொன்னார்கள். அந்த ஒரு கணத்தில் கோவலனின் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

ஆனால் பொற்கொல்லன் நகைத்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என்று கூறிக் களவுநூல் வல்லுநனைப்போல் விளக்கவுரை ஆற்றினான். காவலருள் இளைஞன் ஒருவன், தான் எதிர்ப்பட்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி அச்சத்தை வளர்த்தான். பேச்சு நீள நீள, முதலில் தோன்றிய ஐயம் தேய்ந்தது. இறுதியில், அறிவற்ற களிமகன் ஒருவனின் வாள் கோவலனை வீழ்த்தியது.

காவலர் கொடியவர் அல்லர். அவர்கள் கண் உண்மையைக் கண்டது. நெஞ்சம் அதனைச் சொன்னது. ஆயினும், அறிந்தவன்போல் பேசிய ஒருவனின் சொற்களுக்கும் தம் அச்சத்துக்கும் முன்னால் அந்தச் சான்றை அவர்கள் கைவிட்டார்கள். பெரும்பாலான அநீதிகள் கொடியவர் ஒருவரால் மட்டும் நிறைவேறுவதில்லை. நல்லவர் பலர் தம் ஐயத்தை விழுங்கிக்கொள்வதாலும் அவை நிறைவேறுகின்றன. இளங்கோவடிகள் இச்சிறு காட்சியில் உணர்த்தும் உண்மை இதுவே.

தவற்றை ஏற்ற மன்னன்

வழக்குரை காதையில் கண்ணகி தனியொருத்தியாகப் பாண்டியன் அவைக்கு வருகிறாள். ஊரும் புதிது, உறவினரும் உடன் இல்லை. அவளிடம் இருந்தவை ஒற்றைச் சிலம்பும் தன் கணவன் கள்வன் அல்லன் என்னும் உறுதியும் மட்டுமே. புறாவுக்காகத் தன்னை ஈந்த மன்னனையும் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேரில் இட்ட மன்னனையும் சுட்டி, அத்தகைய சோழர் ஆண்ட புகாரே தன் ஊர் எனத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். அந்த அறிமுகமே ஒரு குற்றச்சாட்டாக ஒலிக்கிறது.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான் பாண்டியன். கண்ணகி சான்றை முன்வைக்கிறாள்: தன் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள் என்று மன்னனே கூறுகிறான். கோவலனிடமிருந்து கொண்டுவந்த சிலம்பு உடைக்கப்பட்டபோது மாணிக்கம் தெறிக்கிறது.

அந்தக் கணத்தில் பாண்டியனுக்குப் பல வழிகள் இருந்தன. பொற்கொல்லன்மீது பழியைச் சுமத்தியிருக்கலாம். ஆணையை நிறைவேற்றிய காவலரைத் தண்டித்திருக்கலாம். அரசன் என்னும் அதிகாரத்தால் வழக்கையே தள்ளியிருக்கலாம். அவன் எதையும் செய்யவில்லை. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட தான் அரசனல்லன், தானே கள்வன் என்று தன்மீது தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு உயிர்நீத்தான். ஆராயாமல் ஆணையிட்டதால் வளைந்த செங்கோலை அவனது உயிர் நிமிர்த்திவிட்டது என்று பின்னர்ச் சேரன் செங்குட்டுவன் பாராட்டுகிறான்.

பாண்டியனின் முடிவு கோவலனின் உயிரை மீட்கவில்லை; கண்ணகியின் சினத்தையும் தணிக்கவில்லை. மதுரை எரிந்தது. இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளை உணரலாம். செய்த தவற்றை மறைக்காமல் ஏற்பது பெருமை. ஆனால் தவறு நேருமுன் ஆராய்வதே அறம். காலந்தாழ்ந்து விழித்த மனச்சான்றுக்காக நாடு பெருவிலை கொடுக்க நேர்கிறது.

அவையில் எழுந்த இளைஞன்

மகாபாரதக் கதையின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பாரதியார் படைத்தது ‘பாஞ்சாலி சபதம்’. இதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், புதுச்சேரியில் வாழ்ந்தபோது அவர் இதனை எழுதினார்.

துச்சாதனன் பாஞ்சாலியை இழுத்துச் செல்லும்போது, வழியில் நின்று பார்த்துப் புலம்பிய ஊர்மக்களைப் பாரதியார் கடுமையாகச் சாடுகிறார். கொடியவனைத் தள்ளிவிட்டு அவளைக் காத்திருக்க வேண்டியவர்கள், இரக்கப்பட்டதோடு நின்றுவிட்டனர். செயலாக மாறாத இரக்கம் துன்புறுபவருக்குத் துணையாவதில்லை என்பது கவிஞரின் கருத்து.

அவையில் பாஞ்சாலி நீதி கேட்கிறாள். அறநூல் அறிந்த வீட்டுமர், முற்காலத்தில் பெண்கள் பெற்றிருந்த சமநிலையை அறிந்திருந்தும், பிற்கால நூல்களின் விதியைக் காட்டி, தம்மால் தடுக்க இயலவில்லை என்று தலைகவிழ்கிறார். அப்போது எழுந்தவன் விகர்ணன். அவன் துரியோதனனின் தம்பியருள் ஒருவன். அண்ணனின் அவையிலேயே, பெரியோர் முன்னிலையிலேயே, இது முறையன்று என எடுத்துரைக்கிறான். கர்ணன் அவனைக் கடிந்து அடக்குகிறான். அவனது குரலால் அநீதி நிற்கவில்லை. ஆனால், அந்த அவையில் அனைவரும் உடன்பட்டனர் என்று எவரும் எழுத முடியாதபடி அவன் ஒருவன் செய்துவிட்டான். முதுமையும் கல்வியும் மௌனம் காத்த இடத்தில் ஓர் இளைஞனின் மனச்சான்று பேசியது. நூலறிவு மட்டுமே அறவுணர்வு ஆகிவிடாது என்பதற்கு வீட்டுமரும், அறத்தின் பக்கம் நிற்க வயது தடையன்று என்பதற்கு விகர்ணனும் எடுத்துக்காட்டுகள்.

ஒரே தெளிவு, இரு வழிகள்

மனச்சான்று காட்டும் வழி எப்போதும் ஒற்றையடிப் பாதையாக இருப்பதில்லை. கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தில் வரும் கும்பகருணனும் வீடணனும் இதனை உணர்த்துகின்றனர்.

சீதையைச் சிறைவைத்தது தவறு என்பதில் தம்பியர் இருவருக்கும் ஐயமில்லை. இருவரும் இராவணனிடம் அதை எடுத்துரைத்தனர். இராவணன் கேட்கவில்லை. வீடணன் அறத்தின் பொருட்டு அண்ணனைப் பிரிந்து இராமனைச் சேர்ந்தான். கும்பகருணனோ, தோல்வியும் சாவும் உறுதி என அறிந்தே அண்ணனுக்காகப் போர்க்களம் புகுந்தான். களத்தில் வீடணன் வந்து அழைத்தபோதும், தன்னை வளர்த்தவனுக்காக உயிர் கொடுப்பதே தனக்குரியது என்று மறுத்து, தம்பியை வாழ்த்தி அனுப்பினான்.

கும்பகருணனின் நன்றியுணர்வு நம் நெஞ்சை உருக்குகிறது. எனினும் அவன் ஏந்திய படை அநீதியின் பக்கமே நின்றது. வீடணன் அறத்தைக் காத்தான். உடன்பிறந்தாரை இழந்து தனித்தான். நன்றிக்கும் நீதிக்கும் இடையே முரண் எழும்போது எதைத் தேர்ந்தாலும் இழப்பு உண்டு என்பதைக் கம்பர் மறைக்கவில்லை. இழப்பே இல்லாத அறம் வேண்டும் என்று காத்திருப்பவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

நமக்கான வினா

இம்மாந்தர்கள் அனைவரையும் ஒருசேர நோக்கினால் மனநேர்மையின் மூன்று படிகள் புலப்படும். முதலாவது, காண்பது, எதிரியின் பிள்ளையிடத்தும் ஒரு குழந்தையைக் காண்பது. இரண்டாவது, ஆராய்வது, பாண்டியன் தவறியது இந்தப் படியில்தான். மூன்றாவது, சொல்வது; காவலர் தொடங்கிக் கைவிட்டதையும் விகர்ணன் துணிந்து முடித்ததையும் கண்டோம். இவற்றுள் ஆராய்வது குறைந்தால் மனச்சான்று வெறும் பிடிவாதமாகிவிடும்; சொல்வது குறைந்தால் அது வெறும் வருத்தமாகிவிடும்.

அரசவைகள் இன்று இல்லை. ஆயினும் வகுப்பறையில் ஒரு மாணவர்மீது பொய்ப்பழி சுமத்தப்படும்போதும், ஒருவரின் தோற்றத்தையோ பிறப்பையோ சுட்டிப் பலர் நகைக்கும்போதும், உறுதி செய்யாத செய்தியை நம் விரல்கள் பிறருக்கு அனுப்ப விரையும்போதும் அதே மன்றம் மீண்டும் கூடுகிறது. அங்கே நாம் கோவூர்கிழாராக எழுவோமா, ஐயத்தை விழுங்கிய காவலராக நிற்போமா என்பதை வேறு எவரும் தீர்மானிக்க இயலாது. அவ்வழக்கின் சான்று நம் நெஞ்சிலேயே இருக்கிறது.