மாநகராட்சி ஆன தாம்பரம்... வரி ஏறிடுச்சு, வசதி எப்போ?

தாம்பரம் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது ரெயில் நிலையம்தான். தென் மாவட்டங்களில் இருந்து விடிகாலையில் வந்து இறங்குபவர்கள், பீச் ரெயிலைப் பிடிக்க ஓடுபவர்கள் என்று எந்நேரமும் ஜேஜே என்று இருக்கும் ஊர். இந்த ஊர் இப்போது தனி மாநகராட்சி. சென்னை, ஆவடிக்கு அடுத்து சென்னை வட்டாரத்தில் உருவான 3-வது மாநகராட்சி இது.

பெயர் பெரிசாகி விட்டது. வாசலில் என்ன மாறியது? வரி யாருக்குப் போகிறது, தண்ணிக்கும் குப்பைக்கும் யாரைக் கேட்க வேண்டும்? முழு விவரம் வருமாறு:-

10 ஊர் சேர்ந்து ஒரு ஊர்

தாம்பரம் மாநகராட்சி ஆகும் என்ற அறிவிப்பு 2021 ஆகஸ்டில் சட்டசபையில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் அவசர சட்டம் மூலம் மாநகராட்சி உதயமானது.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. மொத்தப் பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படியே மக்கள் தொகை 7 லட்சத்தைத் தாண்டியது.

இதில் ஒரு சுவாரசியம். அந்தக் கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியில் சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம் பேர். பல்லாவரத்தில் 2 லட்சத்து 15 ஆயிரம் பேர். ஆள் அதிகம் பல்லாவரத்தில். ஆனால் பெயரைத் தட்டிச் சென்றது தாம்பரம்!

ஒரு காலத்தில் எல்லாமே காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பகுதிகள் புது மாவட்டத்தோடு சேர்ந்தன.

ஊரை வளர்த்தது யார்?

இந்த ஊரை வளர்த்தது ரெயில். 1931-ம் ஆண்டு மே மாதம் சென்னை கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் அதுதான் முதல் மின்சார ரெயில். பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்ற வாழ்க்கை அதிலிருந்துதான் ஆரம்பம்.

காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் தொடங்கப்பட்டதுதான் தாம்பரம் சானடோரியம். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தில் இருந்து இங்கே இடம் மாறியது. விமானப்படை தளமும் வந்தது. 1984-ல் 'மெப்ஸ்' ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஷிப்டு முடிந்து கும்பல் கும்பலாக வெளியே வரும் பெண் தொழிலாளர்களை சானடோரியம் ஸ்டேஷனில் இன்றும் பார்க்கலாம்.

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே 'குரோம் லெதர்' என்ற தோல் கம்பெனியால். நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானோருக்கு சோறு போட்டன. நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அவைதான். அனகாபுத்தூரோ நெசவாளர் ஊர். வாழை நாரில் சேலை நெய்து பெயர் வாங்கிய ஊர்.

81 வார்டு இருந்த இடத்தில்...

மாநகராட்சிக்கு மொத்தம் 70 வார்டுகள், 5 மண்டலங்கள். பழைய தாம்பரம் நகராட்சியில் மட்டும் 39 வார்டுகள் இருந்தன. பல்லாவரத்தில் 42. இந்த இரண்டிலேயே 81 கவுன்சிலர்கள். இப்போது 10 ஊருக்கும் சேர்த்து 70 பேர்தான்.

அதாவது ஒரு கவுன்சிலருக்கு சராசரியாக 10 ஆயிரம் பேர். முன்பு தெருமுனையில் பார்த்துப் பேசிய கவுன்சிலரை இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பேரூராட்சியாக இருந்த ஊர்களில் இந்தக் குறை அதிகம்.

2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தனர். மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இளம்பெண்ணான வசந்தகுமாரி கமலக்கண்ணன் 2022 மார்ச்சில் முதல் மேயரானார்.

வார்டில் மக்கள் குறை சொல்ல 'பகுதி சபை' என்ற கூட்டமும் உண்டு. 2022 நவம்பர் 1-ந் தேதி பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வர் மு.க.ஸ்டாலினே கலந்து கொண்டார். கிராமசபை மாதிரி நகரத்துக்கு இது. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தேதி விசாரித்து, போய் உட்கார்ந்து கேள்வி கேட்பது நம் உரிமை.

வரி ஏறியது எதனால்?

"மாநகராட்சி ஆனதால்தான் வீட்டு வரி ஏறிடுச்சு" என்று சொல்லாதவர் இல்லை. இது பாதிதான் உண்மை.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் இதே கணக்குதான். ஆகவே மாநகராட்சி ஆகாமல் இருந்திருந்தாலும் இந்த உயர்வு வந்திருக்கும்.

அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிய சின்ன வீட்டுக்காரருக்கு 750 ரூபாய் ஆனது. 1,000 சதுர அடி வீட்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவருக்கு 1,500 ஆனது. ஓனருக்கு ஏறினால் அது வாடகையில்தான் வந்து விழும். வாடகை வீட்டில் இருப்பவர் தப்ப முடியாது.

ஒரு சின்ன ஆறுதல்: அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. தள்ளிப் போட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

தண்ணிக்கு யாரைக் கேட்பது?

சென்னையில் குடிநீர், சாக்கடை எல்லாம் மெட்ரோ வாட்டர் பொறுப்பு. தாம்பரத்தில் அப்படி இல்லை. மெட்ரோ வாட்டரிடம் மொத்தமாகத் தண்ணீர் வாங்கினாலும், தெருவுக்குக் கொடுப்பது மாநகராட்சிதான். தண்ணீர், குப்பை, தெரு விளக்கு, தெருச் சாலை, கொசு மருந்து, பிறப்பு - இறப்பு சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மாநகராட்சி அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பள்ளம் என்றால் அது நெடுஞ்சாலைத் துறை. தண்டவாளத்தை ஒட்டிய பிரச்சினை என்றால் ரெயில்வே. பல்லாவரம் கண்டோன்மென்ட் பகுதியோ ராணுவ வாரியத்தின் கீழ் வருவது; 2021-ல் மாநகராட்சியில் சேர்க்கப்படவில்லை. போலீஸ் கதை தனி. 2022 ஜனவரி 1-ந் தேதி தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் உதயமானது. அதன் அலுவலகம் திறக்கப்பட்டது தாம்பரத்தில் அல்ல, சோழிங்கநல்லூரில்!

பாதாள சாக்கடை வராத தெருக்களில் இன்னும் செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் லாரிக்குப் பணம் கொடுத்து இறைக்க வேண்டும். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் சாக்கடை கலந்ததா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. மாநகராட்சி என்ற போர்டை விட, சுத்தமான ஒரு குடம் தண்ணி முக்கியம் என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

ஏரி காத்தால் ஊர் தப்பும்

2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த பேய் மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருக்கெடுத்து மேற்கு தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகள் மூழ்கின. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2021-ல் மாநகராட்சிக்குள் சேரவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு எல்லைக் கோடு தெரியுமா?

கிழக்குப் பக்கம் ஏரிகள் சங்கிலி போல உள்ளன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் தண்ணீர் செம்பாக்கத்துக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போகும். நடுவில் ஒரு கால்வாய் அடைத்தாலும் தண்ணி வீட்டுக்குள்தான் வரும்.

முன்பு இந்த ஏரிகள் வெவ்வேறு உள்ளாட்சிகளின் எல்லையில் இருந்தன. ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டனர். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் குப்பை கொட்டியதை எதிர்த்து மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். அதன் பிறகே 2019-ல் ஏரியைச் சீரமைக்க ரூ.25 கோடி ஒதுக்கப்பட்டது. இப்போது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம் எல்லாம் ஒரே நிர்வாகம். 'அது பக்கத்து ஊர் பிரச்சினை' என்ற சாக்கு இனி செல்லாது. 10 ஊர் ஒன்றானதில் பெரிய லாபமே அதுதான்.

வரி கட்டுவது நம் கடமை. அந்தக் காசு எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்பதும் நம் உரிமை. அடுத்த மழைக்கு முன் கால்வாய் தூர் வாரினார்களா, குழாயில் நல்ல தண்ணி வருதா என்று பாருங்கள். மாநகராட்சிக்கு மார்க் போட வேண்டியது மக்கள்தான்.