மலைக்கோட்டை டூ ஸ்ரீரங்கம் 1.1 கி.மீ. தானா? பாராமீட்டர் இடம் மாறினால் நடக்கும் கூத்து!

திருச்சி மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலுக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 3.9 கி.மீ. நடுவில் காவிரி. இந்தத் தூரத்தை ஒரு ஆப் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஃபங்ஷன் போதும். அதற்கு நாம் தர வேண்டியது நான்கு எண்கள்: இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை.

ஃபங்ஷனை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் வைக்கும் பெயர்கள்தான் பாராமீட்டர். அழைக்கும்போது தரும் எண்களுக்கு ஆர்கியுமென்ட் என்று பெயர். (பேச்சுவழக்கில் ரெண்டையும் பாராமீட்டர்னுதான் சொல்றோம், பரவாயில்ல!) முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழியான 'எழில்'-இல் அதன் முதல் வரி இப்படி இருக்கும்:

நிரல்பாகம் தூரம்(அட்ச1, தீர்க்க1, அட்ச2, தீர்க்க2)

அழைப்பது இப்படி:

தூரம்(10.828, 78.697, 10.862, 78.690)

கமா போட்டு வரிசையா கொடுத்தா வேலை முடிஞ்சது. சிக்கலும் அந்த வரிசையில்தான். கூகுள் மேப்ஸில் காப்பி செய்தால் அட்சரேகை முதலில் வரும். வரைபடத் தகவலைச் சேமிக்கும் ஜியோஜேசான் ஃபைலில் தீர்க்கரேகை முதலில் இருக்கும். அதை அப்படியே தூக்கிக் கொடுத்தால், ஸ்ரீரங்கம் நேராக ஆர்க்டிக்குக்கு, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய்விடும்!

ஒரு இடம் மட்டும் மாறினால் விடை 8,000 கி.மீ.யைத் தாண்டும். பார்த்ததுமே பிடித்துவிடலாம். இரண்டுமே மாறினால்தான் வம்பு. துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகளுக்கு இடையிலான தூரம் சுருங்கும். அதனால் 1.1 கி.மீ. என்று நல்ல பிள்ளை மாதிரி பதில் வரும். கட்டணம் அதை வைத்துப் போட்டால், ஆட்டோக்காரருக்கு நஷ்டம்.

எர்ரர் வராதா? அட்சரேகை 90-ஐத் தாண்டக் கூடாது என்று சோதித்தாலும் 78.69 பாஸ் ஆகிவிடும். சான்ஃபிரான்சிஸ்கோவின் தீர்க்கரேகை மைனஸ் 122. அங்கே உட்கார்ந்து டெஸ்ட் பண்றவருக்கு அந்தச் சோதனையிலேயே தப்பு தெரிஞ்சிடும். நம்ம ஊர்க்காரருக்குத் தெரியாது.

பைதானில் இதற்கு வழி இருக்கிறது. எண்ணை மட்டும் கொடுக்காமல் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். பைதான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும்:

தூரம்(தீர்க்க1=78.697, அட்ச1=10.828, தீர்க்க2=78.690, அட்ச2=10.862)

வரிசை எப்படி இருந்தாலும் விடை மாறாது. ஃபங்ஷனை எழுதும்போதே அடைப்புக்குறியின் தொடக்கத்தில் ஒரு * போட்டு, அடுத்து கமா வைத்தால், பெயர் சொல்லாமல் அழைப்பவருக்கு எர்ரர்தான். ஒரே மாதிரி எண்களை வாங்கும் ஃபங்ஷன் என்றால் இந்த நட்சத்திரம் கட்டாயம் வேண்டும். கூடுதலா டைப் பண்ண சோம்பலா இருக்கும்தான்.

ஏற்கெனவே எழுதி வைத்த ஃபங்ஷன் இருந்தால், மேலே உள்ள எண்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 3.9-க்குப் பக்கத்தில் வரணும்.