அடங்காத பிள்ளை: அன்றும் இன்றும்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." பள்ளியில் சேர்க்கும் அன்றே அப்பா வாத்தியாரிடம் இப்படிச் சொன்னால், அதை அக்கறை என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. அந்த வார்த்தைக்கு அதிகம் அடிபட்டவர்கள், ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள். கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்துவான். பென்சில் தினமும் தொலையும். கணக்கைச் சரியாகப் போட்டுக் கடைசி வரியில் கூட்டலைத் தவறவிடுவான். பெஞ்சின் மேல் ஏற்றினார்கள், முட்டி போட வைத்தார்கள். வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள்.

மருத்துவமும் முதலில் இதை ஒழுக்கத்தின் கணக்கில்தான் எழுதியது. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அறிவில் குறையில்லை, வளர்ப்பை மட்டும் பழிக்க முடியாது என்பதைக் கண்டிருந்தும், 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்றே அதை விவரித்தார். இன்று ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்று நாம் சொல்லும் பெயர் 1987இல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது.

இன்று நமக்குத் தெரிவது வேறு. இது பெருமளவு மரபுவழி வருவது. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வது சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாகிறது என்று காட்டியது. திமிர் என்று அடித்தது எதை என்று யோசித்தால் மனம் பதறுகிறது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லிவிடாது. ஏடிஹெச்டி என்று உறுதிசெய்ய, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வெறும் துறுதுறுப்பு நோயல்ல. ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதற்குமேல் தேவைப்பட்டால் மீத்தைல்ஃபெனிடேட் போன்ற மருந்து. அதுவும் பசி, தூக்கம், எடை, உயரம் எல்லாவற்றையும் மருத்துவர் கவனித்துக்கொண்டே தருவது.

வகுப்பறையில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. முன் பெஞ்சில் இடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பது. கால் பரபரக்கும்போது, "தலைமையாசிரியர் ரூமிலிருந்து சாக்பீஸ் வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்புவது. திரும்பி வந்தவன் அடுத்த ஐந்து கணக்கைப் போடுவான்.

மாறாத ஒன்றும் இருக்கிறது. இதே குறைபாட்டோடு ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து, பாடம் எதுவும் காதில் ஏறாமல் போகும் பெண் பிள்ளையை இன்றும் யாரும் கவனிப்பதில்லை. அவள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லையே! 'மக்கு' என்ற பட்டத்தோடு அவள் பள்ளியைக் கடந்துபோகிறாள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் தடைசெய்திருக்கிறது. கையை ஓங்கும் முன், பட்டம் சூட்டும் முன், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். போகும்போது வகுப்பாசிரியர் கண்டதையும் எழுதி வாங்கிப் போங்கள்.