கெமரா பை: விற்பவரும் வாங்குபவரும் கவனிக்க வேண்டியவை



இறம்பொடையில் கடை வைத்திருப்பவருக்கு மழையைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் எங்கள் நீர்வீழ்ச்சியைப் படமெடுக்க வருகிறவர்கள், நனைந்த பிறகுதான் நல்ல பை தேடிக் கடைக்கு வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் கலியாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் அப்படி வந்தார். "தண்ணி போகாதா நானா?" என்று கேட்டார். "போகாது" என்றேன். மொத்த வியாபாரி சொன்னதை நான் சோதித்துப் பார்க்காமலே சொன்னேன். அடுத்த வாரம் நனைந்த லென்ஸோடு வந்து நின்றார். பையின் விலையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் லென்ஸின் விலை அதைப் போலப் பல மடங்கு.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள். அன்று முதல் நான் தெரிந்துகொண்டு விற்பவை இவைதான்.

முதலாவது, ஸிப். துணி நீரைத் தாங்கினாலும் ஸிப்பின் வழியாகவும் தையலின் வழியாகவும் தண்ணீர் இறங்கும். சாரலைத் தாங்கும் பை வேறு, தண்ணீரே புகாத பை வேறு. மேலே போர்த்தும் ரெயின் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பைக்குள் பழைய பத்திரிகைத் தாளை வைத்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, வார். பாரத்தை வைத்துத் தூக்கிப் பாருங்கள். வார் பையோடு சேரும் இடத்தில் தையல் இரட்டையாக இருக்க வேண்டும். கெமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று முட்டாதபடி உள்ளே மெத்தைத் தடுப்புகள் வேண்டும்.

மூன்றாவது, உள் ஈரம். நுவரெலியாக் குளிரில் இருந்த கெமராவைக் கம்பளைக்கு இறங்கியதும் திறந்தால், வெப்பக் காற்றிலுள்ள ஈரம் லென்ஸில் பனியாகப் படியும். சூடு சமமாகும் வரை பையை மூடியே வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கெமராவை வெளியே எடுத்து, பையை உலர்த்துங்கள். மெத்தை ஈரத்தைப் பிடித்து வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதிகளையும் சேர்த்து விற்கலாம்.

நான்காவது, விமானப் பயணம். பல விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் கையில் கொண்டுபோக 7 கிலோவே அனுமதிக்கின்றன. வெறும் பையே 2 கிலோ என்றால் கெமராவுக்கு மிஞ்சுவது 5 கிலோதான். மேலதிக லித்தியம் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

இப்போது யாராவது "தண்ணி போகாதா?" என்று கேட்டால், "சாரலுக்குத் தாங்கும், அடைமழைக்குக் கவர் போடுங்கள்" என்கிறேன். சிலர் வாங்காமல் போகிறார்கள். வாங்கியவர் யாரும் நனைந்த லென்ஸோடு திரும்பி வந்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ்.