சூடேறும் உழவு இயந்திரத்தை இரும்புக் கடைக்குப் போடுமுன்

2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையால் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு மிஞ்சியது ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் என்றால், அடுத்த போகத்துக்கு அதுவே முதல். ஓட்டிய சிறிது நேரத்தில் அது கொதித்து ஆவி கக்கினால், "எஞ்சின் முடிந்தது" என்று விற்றுவிட வேண்டாம். அநேகமாக, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வழிதான் அடைபட்டிருக்கும்.

ரேடியேட்டர் உள்ள பல லேண்ட்மாஸ்டர்களில் தண்ணீரைச் சுற்றிவிடப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே எழும். ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். கடலோரத்தில் படகு எஞ்சினின் தண்ணீர் வழியை உப்பு அடைப்பதுபோல, இங்கே சேறு, வைக்கோல் தூசி, துரு, கேத்தலில் படிவது போன்ற வெள்ளைப் படிவு ஆகியவை அடைக்கின்றன. ரேடியேட்டர் இல்லாமல் திறந்த தொட்டி மட்டும் உள்ள எஞ்சினில் ஆவி வருவது இயல்பு. குறைந்த தண்ணீரை ஊற்றிவந்தால் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை உடனே சுழற்றாதீர்கள். முதலில் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் இயக்கக் கூடாது.

எண்ணெய் நன்றாக இருந்தால், செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம்.

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம்.

2. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே உள்ள சேற்றை ஊறவைத்து, மென்மையான தூரிகையால் நீக்குங்கள். எஞ்சின் பக்கமிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். தகடுகள் வளையக் கூடாது.

3. விசிறி பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள்.

4. அடியிலுள்ள குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடியுங்கள். வடியாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்தி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள்.

5. வெள்ளைப் படிவு இருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி, எஞ்சினை அரை மணி நேரம் மெதுவாக ஓடவிடுங்கள். கொதிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். ஆறியபின் வடித்து, அப்பச் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறையும் நல்ல தண்ணீரால் இருமுறையும் கழுவுங்கள். கரைசலை இரவு முழுவதும் விடாதீர்கள். பேட்டரி அமிலமும் காஸ்டிக் சோடாவும் உலோகத்தையே தின்றுவிடும்.

படிவு கரைந்தபின் சில பழைய ரேடியேட்டர்கள் ஒழுகும். அந்த ஓட்டையைப் படிவுதான் அதுவரை மூடியிருந்தது. அதைப் பற்றவைத்துக் கொள்ளலாம்.

மீண்டும் ஓட்டும்போது ரேடியேட்டரின் மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதி இளஞ்சூடாகவும் இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது. மேலே கொதித்தும் அடி குளிர்ந்தே இருந்தால் அடைப்பு இன்னும் உள்ளது. அப்போது ரேடியேட்டரை மட்டும் கழற்றி, அதைத் திருத்தும் கடைக்குக் கொண்டுபோங்கள். முழு எஞ்சினையும் பிரிக்கத் தேவையில்லை.

இனிமேல் கிணற்று நீருக்குப் பதிலாகக் கூரையில் பிடித்து வடிகட்டிய மழைநீரை ஊற்றுங்கள். அதில் படிவு உண்டாகாது. ஓர் இயந்திரம் பல குடும்பங்களின் வயலை உழும். ஆகவே இந்த வேலையை நாலு பேர் கூடிநின்று செய்யுங்கள். அடுத்த முறை அவர்களில் எவரும் தனியாகச் செய்வார்.