ஷிப்ட் மாறலாம், அந்த அரைமணி மாறக்கூடாது

கெலவரப்பள்ளியிலும் ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில் நேரத்தை நிர்ணயிப்பது கம்பெனி சங்குதான். இந்த வாரம் அப்பாவுக்குக் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து நைட். சில வீடுகளில் அம்மாவுக்கும் அப்படியே. ஆனால் பிள்ளைக்குப் பள்ளி என்றும் காலையில்தான்.

காத்திருக்க வைக்காதீர்கள்

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. மதிய ஷிப்ட் முடித்து வரும் அப்பாவைப் பார்த்துவிட்டு 11 மணிக்குப் படுக்கும் பிள்ளை, காலை ஆறரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான் தூங்கியிருக்கும். பாசம் புரிகிறது, வகுப்பில் கண் சொக்குவதும் அதனால்தான். அந்த வாரம் மட்டும் கொஞ்சலைக் காலைக்கு மாற்றுங்கள். தலை வாரிவிடுவதும் ஷூ லேஸ் கட்டிவிடுவதும் அப்பா வேலையாகட்டும்.

படுக்கைக்கு முந்தைய அரைமணி

வீட்டில் யார் இருந்தாலும் வரிசை ஒன்றாக இருக்கட்டும்: கைகால் கழுவுதல், பெரிய விளக்கை அணைத்தல், கதை. பாட்டி தெலுங்கில் சொல்லட்டும், கன்னடத்தில் சொல்லட்டும். எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டும் பழக்கம். கதை வராதவர்கள் விளக்கை அணைக்கும் முன்பே ஒரு ஆட்டம் தாயம் போடலாம். செல்போன் மட்டும் வேண்டாம். அதன் வெளிச்சம், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாள் முழுவதற்குமே திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

மூடிய அறை

பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை ஆறு, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்கும்போது, நாற்றத்துக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருளைப் பற்றவைக்கிறோம். ஒரு சுருள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலையே நல்லது. அதற்குள் நாலு பேரும் நெருக்கிப் படுப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

நைட் ஷிப்ட் முடித்தவருக்கு

முதலில் நீங்கள் தூங்குங்கள். தூங்காத கண்ணோடு பிள்ளையிடம் உட்கார்ந்தால் எரிச்சல்தான் வரும். போதிய நேரம் தூங்கியும் பிள்ளை தினமும் குறட்டை விட்டால், வாயால் மூச்சுவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.