குறி தவறிய குண்டுகளின் கணக்கு

திருவனந்தபுரம் சாலை பஜாரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அவ்வளவு பெரிய போர்க்கப்பலுக்கு நேர் மேலே போய்ப் போட்ட குண்டு எப்படித் தவறும்?

நமக்குப் பக்கத்துக் கடலிலேயே அது நடந்தது. 1942 ஏப்ரல் 9. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்களில் 9, ஜப்பானின் ‘அகாகி’ விமானந்தாங்கிக் கப்பலுக்கு மேலே 11,000 அடி உயரத்தில் வந்துவிட்டன. சுற்றிலும் குண்டு விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் கப்பலில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. ஆனாலும் ஒன்றுகூடப் படவில்லை. 5 விமானங்கள் திரும்பி வரவில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று பேர் போவது வழக்கம்.

குழித்துறைப் பாலத்தில் பஸ் போகும்போது ஆற்றில் காசு போட்டிருக்கிறேன். கைக்கு நேர் கீழே அது விழாது. பஸ்ஸின் வேகத்தோடு முன்னால் போய்த்தான் விழும். குண்டும் அப்படித்தான். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 11,000 அடி விழ ஏறத்தாழ 26 விநாடி. விமானம் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்தால், இலக்குக்கு 2 கிலோமீட்டர் முன்பே குண்டை விட்டாக வேண்டும். 25 நாட் வேகத்தில் ஓடும் கப்பலோ அந்த 26 விநாடியில் 330 மீட்டர் நகர்ந்துவிடும். அகாகியின் நீளமே சுமார் 260 மீட்டர்! காற்று சற்றுப் பக்கவாட்டில் தள்ளினாலும், மாலுமி சுக்கானைத் திருப்பினாலும் போட்ட கணக்கு வீண்.

அதே நாளில் ஜப்பானியர் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹெர்மிஸ்’ஸை மூழ்கடித்தார்கள். அவர்களுடைய விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து, சில நூறு மீட்டர் உயரத்தில் குண்டை விட்டன. கப்பல் விலகுவதற்கு நேரமே இல்லை.

குண்டு போடுவதில் இவ்வளவு தேர்ந்தவர்கள், தங்கள் தலைக்கு மேல் எதிரி விமானம் வந்து நின்றதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டு படவில்லை என்பதே போதும் என்று இருந்துவிட்டார்கள். எனக்கு இதுதான் மன்னிக்க முடியாத அலட்சியமாகப் படுகிறது. இரண்டு மாதத்துக்குள், ஜூன் 4 அன்று மிட்வே தீவருகே, அமெரிக்க விமானங்கள் அதேபோல் கண்ணில் படாமல் வந்தன. இம்முறை பாய்ந்து குண்டு போட்டன. அகாகி எரிந்து அழிந்தது.

நம் ஊரிலேயே எதிர்மாறான உதாரணம் இருக்கிறது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. கோளாறு எந்த வால்வில் என்பதுவரை துருவிப் பார்த்தார்கள். 1980 ஜூலையில் அதே வகை ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. தும்பா விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களே, அந்த 1979-ஐயும் சொல்லிக் கொடுங்கள்.